கம்பத்தை நகர்த்த அதிகாரம் இருந்தது

காசு கட்டி ஓடும் அதிவேக வீதிக்கு இணைப்புப் பாதை போடவென்று, இறக்கக்கண்டியில் எங்கள் வேலியோரம் நின்ற மின்கம்பத்தை நகர்த்த வந்தார்கள். "இதைக் கழட்ட உங்களுக்கு அதிகாரம் இருக்கோ?" என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். சட்டப்படி வாங்கிய அனுமதியைக் காட்டினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தேன்.

கம்பத்தைத் தள்ளி நட்டார்கள். வயர் தளர்ந்து, வீட்டுக்கு வரும் ஒழுங்கைப் பாதைக்குக் குறுக்கே தாழத் தொங்கியது. கேட்டதற்கு, "வயர் மின்சாரக்காரரின்ர வேலை" என்றார் மேற்பார்வையாளர். மின்சாரக்காரரோ, "கழட்டின ஆக்களிட்டக் கேளுங்கோ" என்றார்கள். வீதிக் கந்தோர், மின்சாரக் கந்தோர் என்று இரண்டுக்கும் நடந்து களைத்து, அப்படியே விட்டுவிட்டேன்.

வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்ததும், வழக்கம்போல மீன்பிடி வள்ளத்தை ட்ரக்டர் பெட்டியில் ஏற்றி, அலையில்லாத களப்புக்குக் கொண்டுபோனோம். வள்ளம் சரியாமல் பார்க்க என் கணவர் அதற்குள் நின்றார். நான் பின்னால் நடந்தேன். ஒழுங்கையில் திரும்பும்போது அந்த வயர் அவருடைய கழுத்தில் போய் முட்டியது. அவர் அதைக் கையால் தூக்கிவிட்டுக் குனிந்தார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று காலையிலிருந்து ஊரில் கரண்ட் இல்லை. அதற்காக விடிந்ததிலிருந்து திட்டிக்கொண்டிருந்தவள் நான்.

அந்த வயர் இன்னும் தொங்குகிறது. ஆனால் எங்கள் ஒழுங்கையில் யார் எதைக் கழற்ற வந்தாலும், அதிகாரம் இருக்கிறதா என்று இப்போது நான் கேட்பதில்லை. அது அவர்களிடம் எப்போதும் இருக்கிறது. "திருப்பிச் சரியாக் கட்டித்தர ஆர் வருவினம்? அவரையும் கூட்டிக்கொண்டு வந்து தொடங்குங்கோ" என்கிறேன். அந்த ஆள் வந்த பிறகுதான் தேத்தண்ணிக்குக் கேத்தல் அடுப்பில் ஏறும்.