கராஜ் பாட்டும் கலஹா கடைசி பஸ்ஸும்

கலஹாவிலிருந்து பேராதனை வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ்ஸில் மகன் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தான். மகள் என் பக்கத்தில், ஜன்னலோரம். தொண்ணூறுகளில் கண்டியில் இங்கிலிஷ் பாட்டு வாசித்துத் திரிந்த ஒரு பேண்ட் மறுபடியும் ஒன்றுகூடுகிறது என்று டவுனில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பார்த்த கையோடு மூன்று டிக்கட் எடுத்துவிட்டேன்.

"ரொக் ஷோவுக்குப் போறேன்னு ஃபிரண்ட்ஸ்கிட்ட சொன்னேன்," என்றான் மகன், திரும்பிப் பார்க்காமல். "யாரோடன்னு கேட்டாங்க. சொல்லல."

"ஏன், அம்மாவோடன்னு சொல்ல வெட்கமா?"

"எந்த அம்மான்னு கேப்பாங்க. அப்புறம் அதுக்கு வேற வெளக்கம் குடுக்கணும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. இரண்டு பேரையும் வளர்த்தது என் அக்கா. அவளைத்தான் அம்மா என்பார்கள். என்னை நேரில் எப்படிக் கூப்பிடுவது என்று அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. "இங்க பாருங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அவர்களுடைய அப்பா மாத்தளைப் பக்கம் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார். நான் குவைத், பெய்ரூத், மறுபடி குவைத் என்று வீட்டு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். மகனுக்கு இப்போது பதினாறு, மகளுக்குப் பதினாலு.

அன்றைக்கு என் மனதில் ஒரு விஷயம் இருந்தது. ஓமானுக்கு விசா வந்துவிட்டதென்று ஏஜென்சியிலிருந்து சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும். பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. ஷோவில் சந்தோஷமாக இருக்கும்போது சொல்லலாம், அப்போது இரண்டில் ஒன்றாவது போகாதீங்க என்று சொல்லும், சொன்னால் நின்றுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்த ஒரு வார்த்தையை அவர்கள் வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மைதான வாசலில் செக்யூரிட்டி என் பையைத் திறந்தார். அக்கா கட்டித் தந்த ரொட்டியும் சம்பலும் இருந்தன. வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டோம் என்று சிங்களத்தில் சொன்னார். அப்படியென்றால் இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போகிறோம் என்று நானும் சிங்களத்தில் சொல்லி, மதிலோரத்தில் பார்சலைப் பிரித்தேன். கறுப்பு டீசேர்ட் போட்ட, தொப்பை விழுந்த ஆண்கள் மனைவிமாரோடு எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள்.

"ரொட்டியத் தின்னுட்டு ரொக் பாக்க வந்த ஒரே குடும்பம் நாங்கதான்," என்றான் மகன்.

"அப்ப நீ தின்னாத. ஒன் பங்கையும் நான் தின்றேன்," என்றாள் மகள்.

"ஒனக்கு எங்க போனாலும் திங்கிறதுதான் நெனப்பு."

பேசிக்கொண்டே அவன் மூன்று ரொட்டி சாப்பிட்டான். செக்யூரிட்டி எட்டிப்பார்த்து, சம்பல் உறைப்பா என்று கேட்டார். ஒரு துண்டில் வைத்துக் கொடுத்தேன். கண் கலங்கிப்போய், நாங்கள் உள்ளே போகும்போது பையைப் பார்க்காமலே கையைக் காட்டினார்.

இந்த பேண்டை எனக்குத் தெரியும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். அவர்கள் நம்பவில்லை.

ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கண்டி ஏரிக்கு மேலே ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு விட்டார்கள். அடி உதை இல்லை. வயிற்றுக்குச் சாப்பாடு இருந்தது. மாதத்துக்கு ஒருதரம் அப்பா வந்து சம்பளத்தை வாங்கிக்கொண்டு, வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டுப் போவார். அந்த வீட்டு மகனும் அவனுடைய கூட்டாளிகளும் சனி ஞாயிறுகளில் கராஜில் கிட்டார், ட்ரம் எல்லாம் வைத்து வாசித்துப் பழகுவார்கள். உடுப்புத் துவைக்கும் குழாய் கராஜுக்குப் பின்பக்கம். நான் அங்கே நின்று துவைப்பேன், நடுவில் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அவர்களுக்கு ஒரு பாட்டு சரிவரவே வராது. மெதுவாகத் தொடங்கி, ஏறி ஏறிப் போய், ஒரு இடத்தில் ட்ரம் அடிக்கிறவன் தப்புவிடுவான். உடனே ஏச்சு, சிரிப்பு, மறுபடி முதலிலிருந்து. அதனால் அந்தப் பாட்டை முழுதாக நான் கேட்டதே கிடையாது. வார்த்தை ஒன்றும் விளங்காது. ஆனால் அது ஏறும்போது, கையிலிருக்கும் சட்டையை அப்படியே போட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாம் போல இருக்கும். எங்கே என்று கேட்டால் தெரியாது. ஒருநாள் அப்படித்தான் போனேன். முதலில் கொழும்பு, பிறகு நீர்கொழும்பு, பிறகு கடல் தாண்டி. எல்லாரும் கஷ்டத்தால்தான் போகிறாள் என்று நினைத்தார்கள். கஷ்டம் இருந்தது உண்மைதான். கஷ்டம் இல்லாத மாதங்களிலும் எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை என்பதும் உண்மைதான்.

வெயில் தாழ்ந்த பிறகு அவர்கள் மேடைக்கு வந்தார்கள். அந்த வீட்டு மகனுக்கு முன்மண்டை வழுக்கை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் கிட்டாரைத் தொட்டான். கிட்டே போய்ப் பேசுவோமா என்று எனக்குத் தோன்றவேயில்லை. நான் வந்தது அவனுக்காக இல்லை. குழாயடியில் நின்ற பெண்ணின் வயதில்தான் இப்போது என் மகள் இருக்கிறாள். அவள் பக்கத்தில் நின்று அந்தப் பாட்டைக் கேட்கவேண்டும் என்று மட்டும் ஆசை.

மூன்று நான்கு பாட்டுக்குப் பிறகு அது தொடங்கியது. மகளின் தோளைத் தொட்டேன்.

"இதுதான்," என்றேன்.

"இதுவா? இது எனக்கும் தெரியுமே," என்றாள் மகள். "நல்ல பாட்டு." உடனே போனை எடுத்து அக்காவுக்குக் கோல் எடுத்தாள். "அம்மா, கேளுங்க, கேளுங்க" என்று கத்திவிட்டு, போனை மேடைப் பக்கம் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

குவைத்தில் நான் இருந்தபோது எனக்கும் அப்படித்தான் பிடித்தார்கள். மாதா திருநாளில் சுரூபம் ஊர்வலமாக வரும்போது, மகன் கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்றைக்கு, கிறிஸ்மஸுக்கு வெடி கொளுத்தும்போது. எண்ணெயில் எதையோ பொரிக்கிற மாதிரி ஒரு சத்தம்தான் வரும். "கேக்குது, கேக்குது" என்பேன். அந்தப் பக்கம் அக்கா என்னோடு பேசிக்கொண்டே பிள்ளைகளின் தலையைத் தடவியிருப்பாள். இன்றைக்குப் பிள்ளைகளின் பக்கத்தில் நிற்பது நான். ஆனாலும் மகளின் கை அக்காவைத்தான் தேடிப்போனது.

பாட்டு ஏறிக்கொண்டிருந்தது. ட்ரம்காரன் தப்புவிடும் இடம் நெருங்கியபோது ட்ரம்மையே பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் போனை என் கையில் திணித்தாள். "உங்களோட பேசணுமாம்."

"கேக்குதா?" என்றேன்.

"கேக்குது, கேக்குது," என்றாள் அக்கா. "தகரத்துல கல்லக் கொட்டுற மாதிரி இருக்கு. புள்ளைங்க சாப்பிட்டிச்சா?"

"சாப்பிட்டிச்சு."

"புள்ளைங்ககிட்ட நீ சொல்லிட்டியாடி?"

"எத?"

"ஏஜென்சி வெசயத்தத்தான். முந்தாநாள் நீ குளிக்கப் போன நேரம் ஒன் போனுக்குக் கோல் வந்திச்சு. சின்னவதான் எடுத்துப் பேசினா. ரெண்டுக்கும் தெரியும். நீயா சொல்லுவன்னு பாத்துக்கிட்டு இருக்குதுங்க."

இதைக் கேட்டு முடிப்பதற்குள் பாட்டு முடிந்து எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ட்ரம்காரன் அந்த இடத்தை ஒழுங்காகத் தாண்டினானா என்று எனக்குத் தெரியாது.

கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஷோ முடியுமுன்பே வெளியே வந்தோம். ஏரிக்கரை ரோட்டில் மூன்று பேரும் வேகமாக நடந்தோம். பின்னால் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஒங்களுக்குத் தெரியுமாம்ல," என்றேன்.

மகள் அண்ணனைப் பார்த்தாள்.

"தெரிஞ்சும் ஏன் ஒன்னும் சொல்லல?"

"என்னா சொல்றது?" என்றான் மகன்.

"போகாதீங்கன்னு."

அவன் நின்றான். "சொன்னா நின்னுருவீங்க. அதுக்குத்தான் சொல்லல. போன தடவ அம்மா சொல்லி நின்னீங்களே, நெனப்பிருக்கா? வெடிஞ்சா பொழுதுபட்டா தோட்டத்து லயத்து ரோட்டுல மேலயும் கீழயும் நடந்துக்கிட்டே இருந்தீங்க. சோறு போட்டா தட்டப் பாத்துக்கிட்டு இருப்பீங்க. நாங்க பயந்து போயிட்டோம். அப்புறம் அம்மாவே, போகவிடுங்க, அவ அப்படித்தான்னு எங்ககிட்ட சொன்னாங்க."

அந்த நாட்களை நான் பிள்ளைகளின் கண் வழியாக நினைத்துப் பார்த்ததே இல்லை.

"நீங்க போங்க," என்றாள் மகள். "ஆனா நாங்க ஸ்கூலுக்குப் போன நேரத்துல போகாதீங்க."

எங்கள் பக்கம் வெளிநாடு போகிற தாய்மார் எல்லாரும் அப்படித்தான் போவது. பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, வேனைப் பின்பக்கமாக வரச்சொல்லி ஏறிவிடுவார்கள். பிள்ளை அழுது காலைக் கட்டிக்கொண்டால் பயணம் கெட்டுவிடும். யார் தொடங்கிவைத்தது என்று தெரியாது, யாரும் அதைத் தப்பென்று நினைத்ததும் இல்லை. நானும் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் போயிருந்தேன்.

"ஒவ்வொரு நாளும் ஸ்கூல் விட்டு வரும்போது வாசல்ல ஒங்க செருப்பு இருக்கான்னு பாத்துக்கிட்டே வாறது," என்றாள். "இப்பவும் அப்படித்தான். அது வேணாம்."

பஸ்ஸில் இடம் இல்லை. பேராதனை வரைக்கும் மூன்று பேரும் கம்பியைப் பிடித்து நின்றோம். போகாதீங்க என்ற வார்த்தை இனி வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது கிடைக்காத வருத்தம் இன்றுவரை போகவில்லை.

திங்கட்கிழமை ஏஜென்சிக்குப் போன் எடுத்து, ஸ்கூல் லீவில் என்றால் வருகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள்.

கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். நான் பயந்த மாதிரி யாரும் அழவில்லை. மகன் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளினான். பிளேனில் என்ன சாப்பாடு தருவார்கள் என்று மகள் கேட்டாள். கண்ணாடிக் கதவு வரைக்கும்தான் அவர்களை விடுவார்கள். அதைத் தாண்டி வரிசையில் நின்று திரும்பிப் பார்த்தேன். அங்கேயே நின்றார்கள். இரண்டடி வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நின்றார்கள். இத்தனை வருடமாக வேனில் ஏறினால் முன்னாலிருக்கும் ரோட்டை மட்டும் பார்த்துப் பழகிய எனக்கு, அன்றைக்குக் கால் நகரவில்லை. பின்னாலிருந்த ஒருத்தி பெட்டியால் இடித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மகன், போங்க, போங்க என்று கையைக் காட்டினான்.