அன்றைக்கு ஊரில் இல்லாதவர்கள்

எனக்கு ஊரில் கம்மி வக்கீல் என்று பெயர். பீஸ் கம்மி, அதனால் அந்தப் பெயர் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் சம்சாரம் வேறு காரணம் சொல்வாள். அவளோடு வாதாடி ஜெயிக்க முடிந்திருந்தால் நான் ஏன் இந்தச் சின்னக் கோர்ட்டில் கிடக்கிறேன், மதராஸ் ஹைகோர்ட்டுக்கே போயிருக்க மாட்டேனா?

ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில், மனசு வந்தால் ரயில் நிற்கிற ஒரு ஊர் எங்களுடையது. சுற்றிலும் தோல் பதனிடுகிற ஷாப்புகள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் மூக்கைத் துளைக்கும். பெரிய வக்கீல்கள் ஷாப்பு முதலாளிகளுக்குப் பேசினார்கள். லாக்கப்பில் குந்திக்கொண்டிருந்த ஏழைபாழைகளுக்கு நான். ஒருத்தர் முருங்கைக்காய் கொண்டுவருவார், இன்னொருத்தர் சேவல் கொண்டுவருவார். ஒரு புண்ணியவான் ஒரு சாக்குப் புளியையே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் புளிக்குழம்புதான்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு வாதம். "கனம் கோர்ட்டார் அவர்களே, சம்பவம் நடந்த அன்றைக்கு என் கட்சிக்காரர் ஊரிலேயே இல்லை." யார் வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, "வெளியூர்ல உனக்குச் சொந்தக்காரங்க யார் இருக்காங்க?" என்பதுதான். அத்தை இருந்தால் அத்தை வீடு, மாமன் இருந்தால் மாமன் வீடு. பாதி கேஸ் ஜெயித்தது. ஜெயித்ததால்தான் நான் கெட்டுப்போனேன்.

ஒருநாள் ஒரு விறகு வண்டிக்காரருக்காக நின்றேன். சர்க்கார் காட்டில் திருட்டுத்தனமாக மரம் வெட்டினார் என்று கேஸ். அன்றைக்கு அவர் காவேரிப்பாக்கத்தில் அக்கா வீட்டில் இருந்தார் என்றேன். மாஜிஸ்திரேட் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "வக்கீல் ஐயா, உங்க கட்சிக்காரங்கள்ல ஒருத்தராவது என்னிக்காவது இந்த ஊர்ல இருந்திருக்காங்களா?"

கோர்ட்டே சிரித்தது. வெட்கம் கெட்டவன், நானும் சிரித்தேன். வண்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு மூன்று மாசம், வேலூர் ஜெயில்.

அது நடந்து பத்து நாள் இருக்கும். ஒரு பொம்பளை தலையில் சாக்கு மூட்டையோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"நீங்கதானே கம்மி வக்கீலு?"

"இன்னாம்மா விஷயம்?"

"எங்க வூட்டுக்காரரைப் புடிச்சுகினு போய்ட்டாங்க சாமி. ஷாப்புல மாட்டுத்தோல் திருடிட்டாருன்னு மேஸ்திரி எழுதிக் குடுத்துட்டாரு."

பன்னிரண்டு வருஷமாக அதே ஷாப்பில் தோலில் சவ்வு சீவுகிற ஆள் அவள் புருஷன். தண்டனை ஆனால் வேலூர் ஜெயில். அதோடு போகாது. அவர்கள் இருந்த வீடு ஷாப்புக்குச் சொந்தமான லைனில் இருந்தது. தீர்ப்பு வந்த அன்றைக்கே சட்டி பானையை வெளியே வைத்துவிடுவதாக மேஸ்திரி சொல்லிவிட்டானாம். மூன்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கே போவது என்று அவள் கேட்டாள். அழவில்லை, என்னவோ நான்தான் காலி பண்ணச் சொன்ன மாதிரி முறைத்துக்கொண்டே கேட்டாள்.

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன். வெளியூர்ல சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

"கலவையில எங்க அண்ணன் இருக்குது. சாமி, இத்தக் கொஞ்சம் பாருங்க" என்று மூட்டையைப் பிரித்தாள்.

அம்மாடி, அந்த நாத்தம்! உள்ளே இருந்து என் சம்சாரம், "இன்னா அங்கே, எலி கிலி செத்துக் கிடக்குதா?" என்று கத்தினாள்.

"பீஸெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் தாயே, முதல்ல இதை எடுத்துகினு கிளம்பு!" என்றேன்.

"பீஸு இல்ல சாமி, இது வந்து..."

"கிளம்புன்னா கிளம்பு!"

அடுத்த வாரம் கோர்ட்டு வாசலுக்கும் அதே மூட்டையோடு வந்தாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்பக்கமாக ஓடினேன். பிச்சை எடுக்கிறவனைப் பார்த்து ஓடுகிறவர்கள் உண்டு. பீஸைப் பார்த்து ஓடின வக்கீல் நான் ஒருத்தன்தான் என்று கோர்ட்டு சேவகன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

சப் ஜெயிலுக்குப் போய் அவள் புருஷனுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தேன். "அன்னைக்கு நீ கலவையில மச்சான் வூட்டுல இருந்தே. புரிஞ்சுதா?"

"இல்ல சாமி, அன்னைக்கு நான் ஷாப்புல..."

"வாயத் தொறக்காதே! கலவை. அவ்ளோதான்."

"கலவைங்க" என்றார் பாவம், பூனை மாதிரி.

விசாரணை நாள் வந்தது. அவருடைய ஷாப்பு ஆட்கள் பாதிப்பேர் வேலையை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றார்கள். அவர் வீட்டில் கண்டெடுத்தது என்று போலீஸ் ஒரு தோலைக் கொண்டுவந்து மேஜை மேல் விரித்திருந்தது. மாஜிஸ்திரேட் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு கேட்டார். "நீ என்ன சொல்றே?"

"கலவைங்க சாமி" என்றார் என் ஆள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது. அதோடு விட்டாரா? எட்டி அந்தத் தோலைத் தொட்டார். கட்டை விரலால் ஒரு தேய் தேய்த்தார். முகம் மாறிப்போனது.

"சாமி, இது நான் எடுத்த தோல் இல்லீங்க."

போச்சு! என் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டார். கட்சிக்காரர் என்றும் பார்க்காமல் அங்கேயே நாலு அறை விடலாமா என்று வந்தது எனக்கு.

மாஜிஸ்திரேட்டுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்போ அன்னைக்கு ஊர்லதான் இருந்தே?"

"ஊர்ல இல்லாம எங்க சாமி போவேன்?"

"சந்தோஷம் வக்கீல் ஐயா, ஒருத்தராவது ஊர்ல இருந்தாரே!"

கோர்ட்டு விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்கினதும் என் ஆள் நிதானமாகப் பேசினார். "நான் எடுத்தது ஓட்டைத் தோலு சாமி. மேஸ்திரி வேலி மேல போட்டது. இது நல்ல தோலு. இதுவுமில்லாம, எங்க ஷாப்புத் தோலுக்கு வால்கிட்ட ஒரு வெட்டுதான் அடையாளம். இதுல ரெண்டு வெட்டு இருக்குது. இது யாரோடதோ."

கசாப்புக் கத்தி பட்டு ஓட்டை விழுந்த தோல் விலைபோகாது. அதை மேஸ்திரி வேலி மேல் வீசிவிடுவான். வீசிவிட்டால் அது வேலை செய்கிறவர்களுடையது, செருப்பு தைப்பானோ வாளிக்கு ஒட்டுப்போடுவானோ அவன் பாடு. ஷாப்பில் தோல் ஊறப்போடக் குழி தோண்டின நாளிலிருந்து இதுதான் வழக்கம். எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும்.

"அந்த ஓட்டைத் தோல் எங்கே?" என்றார் மாஜிஸ்திரேட்.

"இங்கதான் இருக்குது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவள் சாக்கு மூட்டையோடு முன்னால் வந்தாள். உள்ளேயிருந்து அவள் எடுத்தது ஒரு கவலைச் சாலின் தோல் வால். மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறபோது சாலின் அடியில் தொங்குமே, அது. அண்ணனுடைய கிழிந்துபோன வாலுக்கு அந்த வேலித் தோலால் ஒட்டுப் போட்டிருந்தது. மூன்று ஓட்டை, மூன்றையும் மூட்டித் தைத்த தையல், ஓரத்தில் ஒரே ஒரு வெட்டு. ஈரத்தோடு சாக்கில் கிடந்து கிடந்து நாறியிருந்தது. மூன்று வாரமாக அவள் அண்ணனுடைய கவலை சும்மா நின்று, கேழ்வரகு காய்ந்துகொண்டிருந்ததாம், இதை நான் பார்க்க வேண்டும் என்பதற்காக.

மாஜிஸ்திரேட் மேஸ்திரியைக் கூண்டில் ஏற்றினார். வேலியில் போட்ட தோல் யாருக்கு என்று கேட்டார். பின்னால் நின்ற அத்தனை பேரும் மேஸ்திரியையே பார்த்தார்கள். அவன், "வேலை செய்யறவங்க எடுத்துக்கறதுதாங்க வழக்கம்" என்றான். ரெண்டு வெட்டுத் தோல் யாருடையது என்றதற்கு அவனும் போலீஸ்காரரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

விடுதலை. நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் நன்றாக நடத்தின கேஸ் அதுதான்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, இதுதான் விஷயம்னு முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா? உன் புருஷன் இருபத்திரண்டு நாள் உள்ளே கிடந்தாரே!"

அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டே நிமிராமல் சொன்னாள். "எங்க வூட்டுக்காரர் இன்னா பண்ணாருன்னு நீங்க கேக்கவே இல்லியே சாமி."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. புளிக்குழம்பு மேல் பழி போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். அனுமதி வாங்கி, மறு வாரம் ரயிலேறி வேலூர் ஜெயிலுக்குப் போனேன். விறகு வண்டிக்காரரைக் கம்பிக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மனுஷர் பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கைகட்டிக்கொண்டு, "காவேரிப்பாக்கத்துல அக்கா வூட்டுலதாங்க இருந்தேன்" என்றார்.

"அதை விடுங்க. அன்னைக்கு இன்னா நடந்துச்சு?"

அவர் வார்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நெசமாவா கேக்கறீங்க?"

நிஜமாகத்தான் கேட்டேன். காட்டு ஆபீசில் எழுதிக்கொடுத்த பர்மிட் சீட்டோடுதான் மரம் வெட்டினாராம். சீட்டு இன்னும் வண்டியில், உட்காருகிற பலகைக்கு அடியில் சொருகினபடியே இருக்கிறதாம். காவேரிப்பாக்கத்தில் இருந்தவரிடம் அது எப்படி இருக்கும்? அதனால் சொல்லவில்லை என்றார்.

சீட்டு இருந்தது. மேல்முறையீட்டுக்கு இருந்த முப்பது நாள் கெடுதான் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கெடு தவறினதை மன்னிக்கச் சொல்லி மனு எழுத உட்கார்ந்தேன். தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். ஊரில் இல்லை என்று கை தானாக எழுதப் பார்த்தது. அடித்தேன். 'வக்கீல் கேட்கவில்லை' என்று எழுதி, அதன் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.