அம்மோனியாவின் தலையில் இரண்டு புள்ளி

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு எதிலும் நான் ஃபெயிலானது கிடையாது. தோணிரேவிலிருந்து சுண்ணாம்புக்குளம் வரை, என் ஐஸ் கம்பெனியின் ஐஸ் படாமல் ஒரு கூடை இறால் வெளியூர் போயிருக்காது. மாடி வீடு, பத்துப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை, எல்லாம் என் சொந்தச் சம்பாத்தியம். மனைவி போன பிறகு மேசையின் ஒரு மூலை எனக்குப் போதுமாக இருக்கிறது.

ஒரே மகள் கோயம்புத்தூர்ப் பக்கம் வேதியியல் டீச்சர். சாயங்காலம் போன் செய்வாள்.

"சாப்ட்டியா நைனா?"

"ஆச்சும்மா."

"மாத்திர?"

"போட்டேன்."

அவ்வளவுதான். ஏலத்தில் ஊரையே பேசி மடக்கிய எனக்கு, அவளை இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க ஒரு பேச்சு அகப்படாது.

ஒரு நாள், "நாளைக்கு பசங்களுக்கு சகப்பிணைப்பு நடத்தணும், வெக்கறேன்" என்றாள். "அது இன்னாது, எனக்குச் சொல்லு" என்றேன். சிரித்தாள். ஆனால் வைக்கவில்லை.

ஆக்சிஜனின் வெளிச்சுற்றில் ஆறு எலக்ட்ரான், அதற்கு எட்டு வேண்டும். ஹைட்ரஜனிடம் ஒன்று, அதற்கு இரண்டு வேண்டும். ஓர் ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் பங்கு போட்டுக்கொண்டால் தண்ணீர் என்றாள்.

பங்கு என்றதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. இறால் பெட்டியின் தெர்மாகோல் மூடியில், எடை எழுதும் மார்க்கரால் எலக்ட்ரானுக்கு ஒரு புள்ளி என்று எட்டுப் புள்ளியையும் ஒரே குவியலாகப் போட்டு, கரையில் பிடிபட்ட மீனைப் பிரிப்பதுபோல் கோடு போட்டுப் பிரித்தேன். படகுக்காரர் ஆக்சிஜனுக்கு ஆறு. கூட வந்த ஆட்களுக்கு ஆளுக்கு ஒன்று. போட்டோ எடுத்து அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டாள். "நைனா, மூணு பேரும் கொண்டாந்ததையே எடுத்துக்கினு போயிட்டாங்க. தண்ணி எங்க?"

"பங்குன்னா அவனவன் வீட்டுக்குத்தான எடுத்துக்கினு போவான்?"

"இதுல யாரும் வீட்டுக்குப் போறதில்ல. ஆளுக்கு ஒண்ணு போட்டு நடுவுல வெச்சுக்கணும். ரெண்டையும் ரெண்டு பேருமே தங்களோடதுன்னு எண்ணிக்கணும்."

"ஒரே இறால ரெண்டு பேர் எண்ணினா அடிதடிதான்!"

அவள் சிரித்த சிரிப்பு அந்தக் காலி மேசை முழுக்கக் கேட்டது. ஆக்சிஜனிடம் யாரோடும் சேராத இரண்டு ஜோடி மிச்சம் இருக்கும், அதற்குத் தனி ஜோடி என்று பேர், அதையும் விடாமல் போட வேண்டும் என்றாள்.

பிறகு தினமும் ஒரு மூடி. மீத்தேன் போட்டேன். இரண்டு நைட்ரஜனுக்கு நடுவில் மூன்று ஜோடி வைத்தேன். எல்லாம் முதல் தடவையே சரி. சரியாகப் போட்டால் "சூப்பர் நைனா" என்று ஒரு வரி மெசேஜ்தான் வரும், போன் வராது என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

"அம்மோனியா ஒண்ணுதான் பாக்கி, அதோட பாடம் முடிஞ்சுது" என்று எழுதியிருந்தாள்.

ஐஸ் கம்பெனிக்காரனுக்கு அம்மோனியாவா தெரியாது? ஐஸ் உறைய வைக்க அது ஓடும் குழாய் கசிந்தால் மூக்காலேயே இடத்தைச் சொன்னவன் நான். நைட்ரஜனுக்கு ஐந்து. மூன்று ஹைட்ரஜனோடு மூன்று ஜோடி போட்டேன். தலைமேல் வர வேண்டிய தனி ஜோடியைப் போடாமல் அனுப்பினேன்.

போன் அடித்தது.

"நைனா, மேல ரெண்டு புள்ளி எங்க?"

"எந்த ரெண்டு புள்ளி?"

அந்தப் பக்கம் நாற்காலி இழுத்துப் போடும் ஓசை கேட்டது.

"சரி, மொதல்லேர்ந்து சொல்றேன், கேளு" என்றாள்.

மார்க்கரின் மூடியைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டேன்.