சஹன் கோழிக்கு உப்புத் தண்ணி வைத்தவன் நான்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓடு போட்ட கடை ஒன்று கட்டினேன். மகாவலி பெருகினால் முதலில் போவது அந்தக் கடைதான் என்று சொன்னவர்கள் இன்றைக்கும் அங்கேதான் சீனி வாங்குகிறார்கள். மாட்டு வண்டியில் கண்டிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவன், தேயிலை விலை விழுந்து ஊரே கையைப் பிசைந்துகொண்டிருந்த காலத்தில் லொறி வாங்கினேன். ஓட்டத் தெரியாமலே வாங்கினேன். வீட்டுக்குப் பின்னால் பாறையை உடைத்து மலைத் தண்ணியைப் பீலி வைத்து இறக்கினேன். அங்கே தண்ணி வராது என்றார்கள், வந்தது. பள்ளிவாசலில் கைகால் கழுவுகிற ஹவுழுத் தொட்டிக்குச் சீமெந்து போட்டேன். வாப்பா மௌத்தான பிறகு ஒரே தங்கச்சியைக் கண்டி டவுனில் கடை வைத்திருந்த குடும்பத்தில் கட்டிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் நான் இருந்தது கொஞ்ச நாள். அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டுக்கு விறகு பிளந்தேன். இதை நானேதான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை திருத்தியது மருமகன். விஷயத்தில் கை வைக்க விடவில்லை.

மேலே சொன்ன எதையும் யாரும் மறுப்பதில்லை. மறுப்பது கோழியை.

இன்றைக்கு எங்கள் பக்கத்தில் கலியாணக் கோழியை நேரே எண்ணெயில் போடுகிற ஆள் கிடையாது. முதல் நாள் உப்புத் தண்ணியில் ஊறப்போட்டு, எடுத்துக் காற்றில் தொங்கவிட்டு, அதன் பிறகுதான் பொரிப்பார்கள். மஹய்யாவயில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் தீபாவளிக்கும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று கேள்வி. எல்லோரும் அதைப் 'பண்டாரி கோழி' என்கிறார்கள். பண்டாரி என்றால் எங்கள் ஆட்களின் கலியாண வீடுகளில் சமைக்கிறவர். அவர்கள் சொல்கிற பண்டாரியை எனக்கு நன்றாகத் தெரியும். நெய்ச்சோற்றில் அவரை மிஞ்ச ஆள் இருக்கவில்லை. அவர் மௌத்தானபோது சந்தூக்கைத் தோளில் சுமந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் கோழி அவருடையது அல்ல.

சஹனில் சாப்பிடாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சஹன் என்பது பெரிய தட்டு. பாயில் வெள்ளை விரித்து, நடுவில் அதை வைத்து, சுற்றி ஆறு பேர் உட்காருவார்கள். சோறு குவித்திருக்கும், அதன் மேல் முழுக்கோழி பொரித்து வைத்திருக்கும். கத்தி கிடையாது. வலக் கை மட்டும்தான், இடக் கை தொடையில் இருக்க வேண்டும். ஒரு கையால் முழுக்கோழியைப் பிய்ப்பது எப்படி? இந்தப் பக்கம் ஒருவர் காலைப் பிடிப்பார், எதிரில் இருப்பவர் மற்றப் பக்கத்தைப் பிடிப்பார், இரண்டு பேரும் இழுப்பார்கள். கோழி இளசாக இருந்தால் இது மரியாதை. அந்தக் காலத்தில் கலியாணத்துக்கு வந்த கோழிகளோ முட்டையிட்டு ஓய்ந்துபோய்க் கிராமங்களில் இருந்து கூடையில் இறங்கியவை.

தங்கச்சியின் கலியாணப் பேச்சு முடிவான அன்று எங்கள் வீட்டில் சஹன் வைத்தோம். சமைத்தது அந்தப் பண்டாரி. வழக்கப்படி இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒரே சஹனில், எதிரும் புதிருமாக. அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் வாப்பா, தலையில் குஞ்சம் வைத்த துருக்கித் தொப்பி. இந்தப் பக்கம் என் சாச்சா, வாப்பாவின் தம்பி. ஒரே காலை இருவரும் பிடித்தார்கள். விட்டுக்கொடுத்தால் மற்றவரை அவமதித்ததாகும் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். கால் கடைசியில் சாச்சாவோடு போனது. மாப்பிள்ளையின் வாப்பா பின்னால் சாய்ந்து, சமாளித்து முன்னால் வந்தார். தொப்பி நெய்ச்சோற்றில் விழுந்தது.

அவர் அதை எடுத்துத் தட்டினார், போட்டுக்கொண்டார். குஞ்சத்தில் சோற்றுக் கஜுப் பருப்பு ஒன்று தொங்கியது. அதைச் சொல்ல அங்கே யாருக்கும் துணிவில்லை. கஜுவோடுதான் பஸ் ஏறினார்.

அதன் பிறகு கலியாணத் தேதியைக் கேட்டால் "பாப்பம்" என்றார். நான் தரகரைப் பிடித்துக் கேட்டேன்.

"அவர் கோவமா ஈக்கிறாரா?"

"கோவம் ஒண்டும் இல்ல. ஒங்கட கோழியப் பத்தித்தான் கேட்டார்."

"எனத்த கேட்டார்?"

"என்ன வயசு என்டு."

கெஞ்சிக் கூத்தாடித் தேதி வாங்கினேன். ஆனால் எனக்குத் தெரியும், கலியாணத்தன்று முழு ஊர் முன்னால் அந்தத் தொப்பி இன்னொரு தரம் சோற்றில் விழுந்தால் தங்கச்சி அந்த வீட்டில் தலை நிமிர்ந்து இருக்க முடியாது. காலத்துக்கும் அவள் பெயர் கோழிதான். ஆகவே கோழி ஒரு கைக்குப் பிய்ய வேண்டும். மற்ற எல்லாம் தன்னால் நடக்கும்.

பண்டாரியிடம் போனேன். அவித்துவிட்டுப் பொரிக்கலாம் என்றார். அவித்துப் பார்த்தோம், கயிறு மாதிரி வந்தது. பப்பாசிக்காய் அரைத்துப் பூசலாம் என்றார். பூசினோம். அந்தக் கோழியை எண்ணெயிலிருந்து எடுக்கக் கரண்டி போதவில்லை, தேங்காய்ச் சிரட்டையால் அள்ளினோம்.

அப்போதுதான் எனக்குப் புசல்லாவை ஞாபகம் வந்தது. வாலிப வயதில் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமையல் குசினிக்குத் தண்ணி தூக்கினேன். அங்கே மாட்டிறைச்சி நினைத்த நேரம் கிடைக்காது. கண்டியிலிருந்து வருகிற நாளில் வாங்கி, பீப்பாயில் உப்புத் தண்ணி நிரப்பி, வெடியுப்புக் கொஞ்சம் போட்டு, இறைச்சியை உள்ளே அமுக்கிப் பலகை வைத்து, அதன் மேல் அம்மிக் குழவியை ஏற்றிவிடுவார்கள். முறுக்கிக்கொண்டு நின்ற இறைச்சி வெளியே வரும்போது வெட்ட இணங்கும். குசினியில் இருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மாட்டுக்குச் செய்வதைக் கோழிக்குச் செய்யலாமே என்று நினைத்தது நான் ஒருவன்தான். இதை வேறு யாராவது நினைத்திருந்தால் எனக்கு முன் செய்திருப்பார்களே.

முதல் கோழியைப் பங்களாக் கணக்குக்கே உப்புப் போட்டு ஊற வைத்தேன். பொரித்து வைத்ததில் பூனை ஒரு வாய் வைத்தது, பிறகு தண்ணிக் குடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பங்களாவில் உப்புத் தண்ணியில் முட்டை மிதக்க வேண்டும் என்பார்கள். கோழிக்கு அது கூடாது. முட்டை அடியில் படுத்துக் கிடந்தாலும் உப்புப் போதாது. அடியில் எழும்பி நிற்க வேண்டும், போவோமா இருப்போமா என்று யோசிக்கிற ஆள் மாதிரி. அந்த அளவை நான் பிடித்தேன். வெடியுப்புத் தேவையில்லை என்பதையும் நான் பிடித்தேன். இடித்த இஞ்சியும் மிளகும் அதில் போடலாம் என்பது உம்மாவின் யோசனை, அதை நான் மறைக்கவில்லை. கோழி கெடாமல் இருக்கக் குளிர்ச்சி வேண்டும். என் பீலி எதற்கு இருக்கிறது? கல்தொட்டியில் பானையை நிறுத்திவிட்டால் மலைத் தண்ணி அதைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும்.

கோழி நன்றாக வந்தது. ஆனால் உம்மாவுக்கு வேறு பயம் வந்துவிட்டது.

"மகன், ரத்தமும் தண்ணியும் கலந்து அதயே திருப்பிக் குடிச்ச கோழி எங்களுக்குக் கூடுமா?"

மார்க்கம் தெரிந்தவர் என்று பள்ளிவாசல் லெப்பையைக் கூட்டிவந்தேன். அவர் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஊறப்போட முந்திக் கழுவினீங்களா?"

"தண்ணி தெளியும் வரைக்கும் கழுவின."

"அப்ப பிழையில்ல. ஆனா பொரிச்ச பொறகு எப்படி ஈக்கி என்டு பாத்தாத்தான் முடிவாச் செல்லலாம்."

பொரித்துக் கொடுத்தோம். ஒரு காலைச் சாப்பிட்டார், கூடும் என்றார். மற்றக் காலையும் சாப்பிட்டார், சந்தேகமே இல்லை என்றார்.

கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லாக் கோழியையும் பெரிய மண் பானைகளில் ஊறப்போட்டு, மூடி, மரநாய் வராமல் கல் ஏற்றி, பீலிக்கடியில் நிறுத்தினேன். விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து எடுத்துத் துடைத்து, சமையல் கொட்டகைக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் வெடிக்கும். பண்டாரி தன் ஆட்களோடு வந்து இறங்கியதும் அந்தக் கயிற்றைத்தான் பார்த்தார்.

"இதென்ன தம்பி, கலியாண வீடா, கருவாட்டு வாடியா?"

"நீங்க மஞ்சளப் பூசிப் பொரிங்க நானா. உப்பு மட்டும் போட வேணாம். உப்பு உள்ளுக்கே ஈக்கி."

"உப்பில்லாமக் கோழியா?" அவர் கொட்டகை நடுவில் போய் நின்றார். என் உம்மா இருந்தார், சாச்சா இருந்தார், லெப்பை இருந்தார், தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். "எல்லாரும் கேட்டுக்கோங்க. சோறு என்ட வேல. எறச்சி என்ட வேல. அச்சாறு என்ட வேல. கோழி என்ட வேல இல்ல. கெட்டாத் தம்பியப் புடிங்க."

இந்த வார்த்தையை வாசிக்கிறவர்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும்.

அவர் ஒப்புக்கொண்டாலும் அவர் கை ஒப்புக்கொள்ளாது என்பது எனக்குத் தெரியும். பண்டாரிமாரின் கை அப்படி. வாய் பேசிக்கொண்டிருக்கும், கை உப்புப் போட்டுக்கொண்டிருக்கும். ஊறின கோழிக்கு மேலும் ஒரு கைப்பிடி விழுந்தால் எல்லாம் பூனைக் கோழி ஆகிவிடும். ஆகவே உப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். வந்தவர்களை வரவேற்கவும் வேண்டும், உப்பைக் காக்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா இரண்டு கையையும் நீட்டினார். நான் ஒரு கைதான் கொடுக்க முடிந்தது.

"மத்தக் கையில எனத்த தம்பி?"

"உப்பு, மாமா."

"உள்ளுக்கு வைக்க எடமில்லயா?"

"எடம் ஈக்கி. நம்பிக்க இல்ல."

அவர் அதைக் கொஞ்சம் யோசித்தார். அந்த நேரம் பார்த்துப் பண்டாரி சிரட்டையோடு வந்தார்.

"சோத்துக்கு உப்புத் தாங்க தம்பி."

"சிரட்டய நீட்டுங்க." போட்டேன்.

"போதாது." இன்னும் போட்டேன்.

"எறச்சிக்கு?"

"எறச்சிக்குக் காலயிலயே போட்டீங்க. நான் பாத்த."

அவர் போனார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் வாப்பா பின்னால் வந்தவர்களிடம் சொன்னார்: "பாத்துப் போங்க. இந்த வீட்டில உப்புக்கும் காவல் ஈக்கி."

சஹன் வைத்தார்கள். வழக்கத்தை மாற்ற முடியாது. முதல் சஹனில் மறுபடியும் அவரும் என் சாச்சாவும் எதிரெதிரே. உட்காரும் முன் அவர் தொப்பியைக் கழற்றித் தன் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டதை முழுப் பந்தலும் பார்த்தது. நான் உப்புப் பானையோடு தூண் பக்கம் நின்றேன். சாச்சா கோழிப் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை, சோற்றோடு வைத்திருந்த கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் வாப்பா கொஞ்சம் பொறுத்தார். பிறகு இழுபறிக்கு ஆயத்தமாக உட்கார்ந்துகொண்டு, காலைப் பிடித்து இழுத்தார்.

இழுக்க ஒன்றும் இருக்கவில்லை. கால் அவரோடு வந்துவிட்டது. கை தோள் வரைக்கும் போய் நின்றது. அவர் அந்தக் காலைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், சாச்சாவைப் பார்த்தார். அதை ஓரமாக வைத்துவிட்டு, இடக் கையால் முழங்காலுக்கு அடியிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். பிறகு சாப்பிடத் தொடங்கினார். பந்தலில் எல்லோரும் அப்போதுதான் பேசத் தொடங்கினார்கள்.

அந்த இடத்தில் என் வேலை முடிந்தது. தங்கச்சி அந்த வீட்டில் ஒரு நாளும் தலை குனியவில்லை. அவள் இன்றைக்கு அந்தக் குடும்பத்துக்கே பெரிய மாமி.

சாப்பிட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் வாப்பா பண்டாரியைக் கூப்பிட்டார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவர் தோளில் போட்டார்.

"இந்தக் கோழிக்கு எனத்த செஞ்சீங்க பண்டாரி?"

பண்டாரி சால்வையைத் தடவிப் பார்த்தார். தூண் பக்கம் நின்ற என்னையும் பானையையும் பார்த்தார்.

"எல்லாம் அல்லாட ஒதவி," என்றார். "உப்பு மட்டும் தம்பி தந்தார்."

பந்தல் முழுக்கச் சிரித்தது. நான் என்ன செய்வது? தங்கச்சியின் கலியாணத்தில் உப்புப் பானையோடு நிற்கிறவன் வழக்குப் பேச முடியாது. நானும் சிரித்தேன். அவர் சால்வையோடு போனார். அடுத்த கலியாணத்தில் அவரே கோழியை ஊறப்போட்டார், அதற்கடுத்த கலியாணத்தில் அவரிடம் பழகினவர்கள் ஊறப்போட்டார்கள். அளவு கேட்டு முட்டையோடு என்னிடம்தான் வந்தார்கள், வாசல் பக்கமாக அல்ல, பீலிப் பக்கமாக. என் தங்கச்சியிடம் யாராவது கேட்டால் அவளே "எங்கட மாமா ஊட்டுப் பழக்கம்" என்கிறாள். அவளிடம் கேட்டேன். "நானா, எல்லாரும் அப்படித்தானே செல்ற" என்றாள்.

சால்வை எனக்கு வேண்டாம், நல்ல சால்வைகள் என்னிடம் இருக்கின்றன. ஆனால் கெட்டால் தம்பியைப் பிடியுங்கள் என்றால், நல்லாக வந்தாலும் தம்பியைத்தான் பிடிக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியாது. அதைச் சொன்னபோது கொட்டகையில் இருந்த பெண்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள், காதும் கேட்கிறது. போய்க் கேட்கலாம்.

நான் மௌத்தானால் நாற்பதாம் நாள் என் பேரில் கத்தம் ஓதிச் சஹன் வைப்பார்கள். கோழியை ஊறப்போட்டுத்தான் பொரிப்பார்கள், வேறு விதம் இப்போது யாருக்கும் தெரியாது. என் பிள்ளைகளுக்கு நான் சொல்லி வைப்பது இதுதான். ஒவ்வொரு சஹனிலும் பிஸ்மி சொன்ன பிறகு, கோழியில் கை வைக்கும் முன், ஒருவர் மற்ற ஐந்து பேருக்கும் கேட்கும்படி "உப்புத் தண்ணி இவர்ட வேல" என்று சொல்ல வேண்டும். உப்பு மட்டும் என்று சொல்லக் கூடாது, தண்ணியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்ல மனமில்லாத சஹனுக்குக் கத்தரிக்காய் வையுங்கள்.