கறுப்புத் திரைக்கு அளவெடுத்த நூல்

கொட்டாஞ்சேனையில் சுவரோடு சுவராக வீடுகள் நெருங்கிய எங்கள் தோட்டத்துக் கடைசி வீட்டு மெற்றில்டா அக்காவுக்கு இருட்டென்றால் ஆகாது. அவருடைய புருஷன் கிளெமென்றுக்கோ வெளிச்சமிருந்தால் நித்திரை வராது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த வீட்டுச் சண்டை முழுவதும் லாம்புத் திரியைப் பற்றித்தான்.

“திரியைக் குறையுமப்பா, கண்ணுக்குள்ள குத்துது” என்று துறைமுகக் கிளாக்கர் மூக்கால் கெஞ்சுவார்.

“செத்தாப் பிறகு இருட்டிலதானே கிடக்கப் போறீர், இப்ப என்ன அவசரம்?” என்பார் அக்கா. கேட்டுக்கொண்டிருக்கும் தோட்டமே சிரிக்கும்.

ஜப்பான்காரன் குண்டு போட்ட உயிர்த்த ஞாயிறன்று கிளெமென்ற் பாயில் சுற்றப்பட்டு வீடு வந்தார். பற்றிக் என்ற தச்சன் வந்து, சவப்பெட்டி அளவுக்குத் தலையிலிருந்து கால்வரை நூல் பிடித்து, கால் முடிந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டான். எங்கள் தோட்டத்தில் அந்த நூல் வீட்டில் தங்கக் கூடாது. பெட்டிக்குள் கால்மாட்டில் வைத்து மூடிவிடுவார்கள். அன்றைக்கு மறுபடியும் குண்டுவீச்சு அபாயச் சங்கு ஊதியது. எல்லோரும் விழுந்தடித்து ஓடினோம். நூலை யாரும் நினைக்கவில்லை.

அதன்பிறகு அக்கா லாம்பை விடியும்வரை எரியவிட்டார். ஆனால் இரவில் வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதென்று இருட்டடிப்புச் சட்டம் வந்துவிட்டதே. கொம்பனித்தெருவிலிருந்து புதிதாக வந்த வார்டன் ஸவாஹிர், ஜன்னலில் ஒட்டியிருந்த பேப்பரைத் தடியால் தட்டினார்.

“நோனா, கீறல் கீறலா வெளிச்சம் ஈக்கிது. இன்னொருக்காக் கண்டா வழக்கு, கோட்டுத்தான். ஒண்டில் திரை போடுங்க, இல்லாட்டி லாம்ப அணைங்க.”

லாம்பை அணைப்பதா? அக்கா உடனே தையல் மெஷின் லாச்சியைத் துழாவி, கையில் அகப்பட்ட நூலை எடுத்தார். நெடிய ஜன்னல் அது. நிலத்துக்குக் கிட்ட வரும். கம்பியிலிருந்து அடிக்கட்டைவரை நூலை இறக்கி ஒரு முடிச்சு. அகலத்துக்கு இரண்டு துண்டு, நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். மேலே கம்பி நுழைய நாலு விரல், கீழே மடிக்க நாலு விரல். கணக்கில் பிழையே இல்லை.

றவூப் நானாவின் கடையில் கறுப்புத் துணிக்கு ஒரே தள்ளுமுள்ளு. நானா நூலை இழுத்துப் பிடித்தார்.

“இந்த முடிச்சுத்தானே, புள்ள?”

“ஓம் நானா, முடிச்சுத்தான். கெதியா வெட்டுங்கோ!”

அவர் வெட்டியதோடு துணிக்கட்டு முடிந்தது.

அன்று பொழுது பட, பேப்பரை உரித்துவிட்டு, திரையைத் தொங்கவிட்டு அக்கா லாம்பை ஏற்றினார். அடியில் ஒரு சாண் குறைந்தது. ‘தைக்கேக்க எங்கயோ இழுபட்டிருக்கும், நாளைக்குப் பாப்பம்’ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கதவைத் தட்டினார் ஸவாஹிர்.

“நோனா, ஜன்னலுக்குள்ள நிக்கிற தொரைய அங்கால போகச் செல்லுங்க. காலடியால வெளிச்சம் வருது.”

“ஆர் நிக்கிறது?”

“எனக்கென்ன தெரியும்? திரை மறச்சிட்டு. ரெண்டு காலும் நல்லாத் தெரியுது. நாளைக்கும் இப்பிடியெண்டா கோட்டுத்தான்.”

வார்டனுக்கு அந்த வீட்டுக் கதை தெரியாது. அக்கா திரும்பிப் பார்த்தார். ஜன்னலடியில் யாருமில்லை. திரை மட்டும் நடுவில் கொஞ்சம் புடைத்திருந்தது, காற்றே இல்லாத நேரத்தில்.

நூலை எடுத்து லாம்படியில் விரலால் தடவினார். அவர் போட்ட முடிச்சுக்கு மேலே இன்னொரு முடிச்சு. சவப்பெட்டிக்குப் பற்றிக் போட்ட முடிச்சு. நானா அதோடு நிறுத்தி வெட்டியிருக்கிறார். ஜன்னலில் தொங்கியது கிளெமென்றின் உயரம்.

விடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, “சீலையைப் பிடி” என்றார். நான் பிடிக்க, தான் துக்கத்துக்கு உடுத்தியிருந்த கறுப்புச் சேலையின் முந்தானையை நீளமாகக் கிழித்தார். திரையின் அடியில் அதை ஒட்டுப்போட்டு, மடிப்புக்குள் அந்த நூலையும் வைத்துத் தைத்தார். மெஷின் ஓடும்போது முணுமுணுத்தது எனக்குக் கேட்டது:

“பெட்டிக்குள்ள வைக்க மறந்திட்டன். அதுக்கு இப்பிடியா வந்து நிக்கிறது? போம், போய்ப் படும்.”

பொழுது பட்டதும் நானும் வெளியில் நின்று ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. ஸவாஹிர் வந்து குனிந்து பார்த்தார்.

“இப்ப சரி, நோனா. தொரை படுத்திட்டாரோ?”



“ஓம்” என்றது உள்ளேயிருந்து அக்காவின் குரல். “இப்பதான் படுத்தவர்.”

வார்டன் போன பிறகு, வெளிச்சம் தெரியாத அந்த ஜன்னலுக்குப் பின்னால், அக்கா லாம்பை ஊதி அணைக்கிற சத்தம் கேட்டது.