ஏனுங்க என்றால் குதிரை

என் மனைவி சாராளின் குரலைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பீளமேட்டில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவள். மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியவர்களுக்கு ரகசியம் பேச வராது. அவள் சமையலறையிலிருந்து “ஏனுங்க!” என்று கூப்பிட்டால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற அத்தனை புருஷன்மாரும் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் மனைவி புருஷனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எனக்கு அந்தோணிராஜ் என்று ஒரு பெயர் இருப்பது ரேஷன் கடைக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும்.

மில்லில் ஓய்வு கொடுத்து, சால்வை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கையில் திணித்து அனுப்பினார்கள். அதோடு அந்தக் குரல் நின்றுபோனது. டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பாள். தூக்கம் கிடையாது. முழங்கால் வலி, சர்க்கரை, எதைக் கேட்டாலும் ஒரு தலையசைப்பு. சோறு ஆனதும் தட்டை மேஜையில் ‘ணங்’கென்று வைப்பாள். அதுதான் கூப்பாடு.

ஆர்.எஸ்.புரம் டாக்டர் ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். உடம்பைவிட மனசுதான் சோர்ந்திருக்கிறது, மாத்திரையை விடக்கூடாது, ஏதாவது ஒன்றில் ஈடுபாடு வர வேண்டும், நடக்கவும் வேண்டும் என்றார். சொந்தக்காரர்களுக்கு இது போதவில்லை. சாராள் சி.எஸ்.ஐ., நான் ஆர்.சி. அவளுடைய அக்கா உபவாச ஜெபம் போடலாம் என்றாள். என் தங்கை வேளாங்கண்ணிக்கு நடந்தே போகலாம் என்றாள். நோயாளி பேசாத வீட்டில் இரண்டு திருச்சபைகளும் வரவேற்பறையில் உட்கார்ந்து சண்டை போட்டுவிட்டு, என் பிஸ்கட்டையும் தின்றுவிட்டுப் போயின.

எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அவள் என்னை மறுபடி “ஏனுங்க” என்று கூப்பிட வேண்டும். மெழுகுவத்தி ஏற்றி அதைத்தான் கேட்டேன். ஆண்டவர் ஒரு குதிரையை அனுப்பினார்.

உக்கடத்துச் சீனிவாசலு என் பழைய சிநேகிதர். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். இப்போதெல்லாம் மாப்பிள்ளைகள் திறந்த ஜீப்பில் கறுப்புக் கண்ணாடியோடு ஆடிக்கொண்டு வருகிறார்கள். “ஒரு வாரம் மட்டும் பாத்துக்குங்க” என்று, வேலையில்லாத வெள்ளைக் குதிரை ஒன்றை எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி இடத்தில் கட்டிவிட்டுப் போனார். அந்த வாரம் இன்னும் முடியவில்லை.

பெயர் ராஜா. நான் “ராஜா” என்று கூப்பிட்டால் பின்பக்கத்தைக் காட்டி நிற்கும். மாப்பிள்ளைகளைச் சுமந்து சுமந்து அதற்கும் மாப்பிள்ளை முறுக்கு வந்திருந்தது. அது போடுகிற லத்தியை அள்ளுவது என் பொறுப்பு. போலீஸ் கையில் இருப்பதற்கும் இதற்கும் ஒரே பெயரை எவன் வைத்தானோ, இரண்டும் மனுஷனைக் குனியவைக்கும்.

ஒரு நாள் காலை கயிற்றை அவிழ்த்துக்கொண்ட குதிரை, சாராள் ஆசையாக வளர்த்த கறிவேப்பிலை மரத்தில் வாயை வைத்தது. ஜன்னல் வழியாகப் பார்த்த சாராள் கத்தினாள்:

“ஏனுங்க! கருவேப்பில போச்சுங்க!”

முன்வாசலில் இருந்த நான், லுங்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பறந்தேன். எனக்கு முன்னால் குதிரை போய்ச் சேர்ந்திருந்தது. வாயில் கறிவேப்பிலையோடு சமையலறை வாசலில் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. சாராள் அதைப் பார்த்தாள். அது சாராளைப் பார்த்தது. பயத்திலோ என்னவோ, கையில் கிடைத்த கேரட்டை எடுத்து நீட்டினாள். அவ்வளவுதான், என் பெயர் என் கையைவிட்டுப் போய்விட்டது.

அன்றிலிருந்து பின்வாசலில் நின்று “ஏனுங்க” என்றால் குதிரை வரும். முதல் சில நாள் நானும் ஓடினேன்.

“உங்கள இல்லீங்க” என்பாள்.

நான் வந்த வேகத்திலேயே திரும்புவேன். அவளுக்குக் கொள்ளு வேகவைப்பதே ஒரு வேலையாகிவிட்டது. வெந்த கொள்ளு குதிரைக்கு. வடித்த தண்ணீரில் ரசம் எனக்கு. தண்ணீர் காட்டுவதும் உடம்பு தேய்த்துவிடுவதும் அவள்தான். தேய்க்கும்போது அதனிடம் மில் கதையெல்லாம் பேசுவாள். நான் வேலிப் பக்கம் லத்தி அள்ளுகிற சாக்கில் ஒட்டுக்கேட்பேன். என் மாமியாரைப் பற்றி எனக்கே தெரியாத சங்கதிகள் அந்தக் குதிரைக்குத் தெரியும்.

பெங்களூரில் இருக்கிற மகள் லின்சி வாட்ஸ்அப்பில் கட்டுரைகளாக அனுப்பினாள். குதிரையில் போனால் முதுகு, இடுப்பு, வயிறு எல்லாத் தசைகளும் வேலை செய்யுமாம். நிற்பதில் நிதானம் கூடுமாம். பக்கத்தில் நின்று தடவிக்கொடுத்தாலே மனப் பதற்றம் குறையுமாம். எதிலும் லத்தி அள்ளுகிறவன் இடுப்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

டாக்டரைக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, ஆள் கூட இருக்கட்டும், மெதுவாக நடக்கவிட்டால் போதும், தலைக்கவசம் கட்டாயம் என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வந்தபோது, சீனிவாசலு கயிற்றைப் பிடித்திருக்க, நைட்டிக்குள் சுடிதார் பேண்ட், தலையில் என் ஸ்கூட்டர் ஹெல்மெட்டோடு சாராள் துவைக்கிற கல்லில் ஏறிக் குதிரைமேல் உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

“முதுக நேரா வைங்க அம்மணி! மாவு மூட்டையாட்டம் உக்காரக் கூடாது!” என்றார் சீனிவாசலு.

“நானு மில்லுல நின்னவளுங்க, எனக்கா முதுகு?” என்றாள் சாராள்.

தெரு நாய்கள் குரைக்க மறந்து நின்றன. இறங்கச் சொல்லத்தான் போனேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு லத்திக் கூடையை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போய்விட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாக இரவில் தூக்கம் வந்தது. நடையில் நொண்டல் குறைந்தது. அடுத்த ரிப்போர்ட்டில் சர்க்கரையும் இறங்கியிருந்தது. மாத்திரையாலா குதிரையாலா என்று டாக்டர் சொல்லவில்லை. இரண்டையும் விடாதீர்கள் என்று மட்டும் சொன்னார். எனக்குச் சந்தோஷம்தான். பொறாமையும்தான், மறைப்பானேன்? குரல் திரும்பி வந்துவிட்டது, நான் கேட்ட அதே வார்த்தையோடு. விலாசம் மட்டும் மாறிவிட்டது. கடைசியில் ஓடுவதை நிறுத்திவிட்டேன். “ஏனுங்க” கேட்டால் பேப்பரைப் பிரித்துக்கொள்வேன்.

போன வாரம் பொழுது சாயும் நேரம், பின்வாசலில் குரல் கேட்டது.

“ஏனுங்க!”

பேப்பரைப் பிரித்தேன். குளம்புச் சத்தம் வாசல் வரை வந்து நின்றது. கேரட்டைக் கடிக்கும் சத்தம் வரவில்லை.

“ஏனுங்க! காதுல விழுகலீங்களா?”

அதுதான் வந்து நிற்கிறதே, இன்னும் எதற்குக் கத்துகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். கதவை அடைத்துக்கொண்டு நின்ற குதிரையின் மூக்கை சாராள் ஒரு கையால் தள்ளிக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் ஹெல்மெட்.

“உங்கள இல்லீங்க” என்றாள் குதிரையிடம். “தள்ளுங்க சித்த. நானு அவரக் கூப்பிட்டேன்.”

பேப்பரைக் கீழே போட்டுவிட்டு, இந்த வயதிலும் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

“வாரேன், வாரேன்! என்ன அம்மணி?”

“சீனிவாசலு அண்ணன் வரலீங்க. கவுத்தப் புடிச்சுட்டு கூட நடங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.”

குதிரை என்னை மேலும் கீழும் பார்த்தது. பிறகு ஒதுங்கி வழிவிட்டது.