காலி வண்டி ஓட்டிப் பார்த்தவர்

என் வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லித் தேடினால் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது. கேம்காரர் என்று கேட்டால் பஸ் நிறுத்தத்திலேயே கை காட்டிவிடுவார்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குள் கேம் ஷாப்ட் என்று ஓர் உருப்படி இருக்கிறது. அதை மாற்றியே பெயர் வாங்கியவர் இவர். கட்டிக்கொண்ட பாவத்துக்கு நானும் சமையலோடு சேர்த்து அதைப் படித்துவிட்டேன்.

எஞ்சினும் மூச்சுவிட்டுத்தான் பிழைக்கிறது. பெட்ரோல் கலந்த காற்று உள்ளே போகவும், எரிந்த புகை வெளியே வரவும் வால்வுகள் இருக்கின்றன. அவை எப்போது திறக்கவேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்கவேண்டும் என்பதெல்லாம் கேம் சொல்கிறபடிதான். காற்று வந்து போகிற துவாரங்கள் சிலிண்டர் ஹெட்டில் இருக்கின்றன. புகை கடைசியாகப் போகிற வழி சைலன்சர். இவர் வால்வு அதிக நேரம் திறந்திருக்கும்படி கேமை மாற்றுவார், துவாரங்களைக் கடைந்து அகலமாக்குவார், பெரிய சைலன்சராக மாட்டுவார். வண்டி பறக்கும். தெருவில் அப்போதுதான் தூங்கிய குழந்தைகள் எல்லாம் எழுந்து அழும். அந்தத் தாய்மார்களின் சாபம் நேராக என் தலையில் வந்து விழும், ஏனென்றால் கடைக்கு மேலேதான் எங்கள் வீடு.

கல்யாணத்துக்கு முன்னால் பந்தய வண்டிக்காரர்களோடு ஊர் ஊராகச் சுற்றியவர். குனிந்து குனிந்து வேலை செய்ததில் இடுப்பு போயிற்று. காலையில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, படியிறங்கிக் கடையைத் திறந்துவிட்டால் இருட்டும்வரை குனிந்தபடியே இருப்பார். கீழே ஓயாத உறுமல். நாங்கள் இரண்டு பேரும் கத்தித்தான் பேசிக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரி ரொம்ப நாளாக எங்களுக்குள் சண்டை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். சண்டை போடவும் தெம்பு வேண்டாமா? எங்களிடம் அது இல்லை.

என் தம்பி தண்ணீர் கேன் போடுகிறவன். மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் கட்டி, அதில் கேன்களை அடுக்கி, மேட்டுக் குடியிருப்புக்கு ஏற்றிக்கொண்டு போவான். அங்கே குழாய்த் தண்ணீர் ஏறாது. தண்ணீர் கம்பெனி ஏஜென்ட் அந்த மேட்டு லைனை, அதாவது மேட்டு வீடுகளுக்குக் கேன் போடுகிற வேலையை, இவனிடம் கொடுத்திருந்தார். அவன் குடும்பத்துக்கு அதுதான் சோறு. ஒருநாள் அவன் கடைக்கு வந்தபோது நானும் கீழே இருந்தேன்.

"மாமா, மேட்டுல வண்டி ரொம்பத் திணறுது. கொஞ்சம் பாருங்களேன்."

"இவ்வளவு நாளா ஏன்டா சொல்லல மாப்ள? விட்டுட்டுப் போ, ராக்கெட் ஆக்கித் தர்றேன்."

மச்சினன் வண்டி என்றதும் இவருக்குக் கை பரபரத்தது. பந்தயத்துக்குப் போடுகிற கேமைப் போட்டார். ஹெட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, பல் வைத்தியர் மாதிரி கண்ணைச் சுருக்கித் துவாரங்களைக் கடைந்தார். பழைய சைலன்சரை இரும்புக்கடைக்குத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை மாட்டினார். எந்த வண்டியை முடித்தாலும் கடைக்குப் பின்னாலுள்ள நீளமான ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது இவர் வழக்கம். அன்றும் போனார். கண்ணில் நீர் வழியத் திரும்பி வந்தார். சந்தோஷத்தில் இல்லை, காற்று அடித்ததில். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

மறுநாளே தம்பியிடமிருந்து போன். மேடு பாதிகூட ஏறவில்லை, வண்டி இருமி நின்றுவிட்டது, கேனை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிக்கொண்டு போனானாம். இவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கிளட்ச் பிடிக்கத் தெரியவில்லை என்றார். பெட்ரோல் கலப்படம் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை. ஆடியது அவன், கோணல் சொன்னது இவர், அதுதான் வித்தியாசம்.

"ஆக்சிலேட்டரை நல்லா முறுக்கி வேகத்துல வச்சு ஓட்டுடா மாப்ள. அப்போ எப்படி இழுக்குதுன்னு பாரு."

"சந்து சந்தா திரும்பி ஏறுற மேட்டுல எங்க மாமா முறுக்குறது? எதிர்ல குழந்தைங்க வருது."

இப்படியே நாட்கள் போயின. தினமும் தண்ணீர் தாமதம். மேட்டுக்காரர்கள் ஏஜென்டிடம் புகார் சொன்னார்கள். இனியும் இப்படியென்றால் லைனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவர் தம்பியிடம் சொல்லிவிட்டார். தம்பி என்னிடம் வந்து அழாத குறை. இவரிடம் சொன்னால், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு அலுத்துப்போயிற்று. தம்பியின் வண்டியைக் கடை வாசலில் நிறுத்தச் சொல்லி, கேன்களையும் அடுக்கச் சொல்லிவிட்டு இவரைக் கூப்பிட்டேன்.

"ஓட்டுங்க. நானும் பின்னாடி உக்கார்றேன்."

"உனக்கென்ன பைத்தியமா? எனக்கு வேலை கிடக்கு."

"கிடக்கட்டும். எத்தனை வண்டி செஞ்சிருப்பீங்க? ஒண்ணையாவது சுமையோட ஓட்டிப் பாத்திருக்கீங்களா? வண்டியை விடுங்க, இந்த வீட்டையாவது?"

கடைசியில் சொன்னதைச் சொல்லவேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வந்துவிட்டது. இவர் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

சமதரையில் சரியாகத்தான் போயிற்று. மேட்டின் முதல் திருப்பத்தில் வேகம் குறைந்ததுமே வண்டிக்கு உயிர் போனது. இரண்டாவது திருப்பத்துக்குப் போகவே இல்லை. பின்பக்கமாக உருள ஆரம்பித்தது. நான் குதித்துச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். இவர் பிரேக்கை அழுத்தியபடி எஞ்சினைப் பார்த்துக்கொண்டே நின்றார். மேலேயிருந்து ஒரு பெண் காலிக் குடத்தோடு எங்களை எட்டிப் பார்த்தாள்.

"மெதுவாப் போறப்போ இது உள்ள இழுத்த காத்தையே திருப்பித் துப்புது. வால்வு மூடுறதுக்குள்ள வெளிய போயிடுது. ஓட்டையும் பெருசாக்கிட்டேன், காத்துக்கு வேகமே இல்ல." பிறகு இவரே, "அவன் கேட்டது இழுவை. நான் கொடுத்தது ஓட்டம். என் தப்புதான்" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். பாவமாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினோம்.

பழையபடி மாற்றுவதும் லேசில்லை. கடைந்தெடுத்த உலோகம் திரும்ப வளராது. அதே கம்பெனி ஹெட்டுக்குச் சொல்லிவிட்டால் வரப் பல நாளாகும் என்றார்கள். இவரிடம் அதே மாடல் வண்டி ஒன்று இருந்தது, எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. ஊர் வண்டியையெல்லாம் நோண்டியவர் அதில் மட்டும் கை வைத்ததே இல்லை. ஏன் என்று கேட்டால், அது நல்லாத்தானே ஓடுது என்பார். அந்த வண்டியின் ஹெட்டைக் கேமோடு சேர்த்துக் கழற்றினார். சைலன்சரையும் கழற்றினார். மூன்றையும் தம்பி வண்டிக்கு மாட்டினார். இடுப்பு வலி தாங்காமல் நடுநடுவே தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வார். நான் ஒத்தடம் கொடுப்பேன். மறுபடி எழுந்து உட்காருவார். உதவி என்று தம்பியைக்கூடக் கூப்பிடவில்லை.

முடிந்ததும் கேன்களில் தண்ணீர் நிரப்பிச் சட்டத்தில் அடுக்கி, தானே மேட்டுக்கு ஓட்டிப் போனார். பின்னால் உட்காரச் சொல்லி என்னைக் கூப்பிட்டதும் அவர்தான். வண்டி முனகவே இல்லை. திருப்பத்துக்குத் திருப்பம் நிதானமாக, அடியிலிருந்தே இழுத்தது. உச்சியில் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நேராகத் தம்பி வீட்டுக்கே ஓட்டினோம்.

தம்பி வாசலில் உட்கார்ந்திருந்தான். வேலை நேரத்தில் அவன் வீட்டில் இருந்ததே எனக்குச் சரியாகப் படவில்லை.

"மாப்ள, இப்போ எடுத்துப் பாரு. ஆளோட, தண்ணியோட உச்சிவரைக்கும் போயிட்டு வந்தோம். ஒரு இடத்துல திணறல."

தம்பி எழுந்து வந்து சாவியை வாங்கிக்கொண்டான். சட்டத்திலிருந்து கேன்களை ஒவ்வொன்றாக இறக்கி நிதானமாகச் சுவரோரம் வைத்தான். அவன் முகத்தில் மாமா மேல் கோபம் தெரிந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நேத்தே லைனை வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க மாமா" என்றான். "உக்காருங்க, தண்ணி குடிச்சிட்டுப் போலாம்."